பிராகா, வியன்னாவா, புடாபெஸ்ட்டா? இருவராகப் போகிறவர்களுக்கு எந்த ஊர்

மத்திய ஐரோப்பாவுக்கு இருவராகப் போகத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று பெயர்களில்தான் வந்து நிற்கிறார்கள்: பிராக், வியன்னா, புடாபெஸ்ட். அதற்குக் காரணமும் இருக்கிறது. பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து புடாபெஸ்ட்டுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஆறு நாளில் மூன்று நகரங்கள் என்று டிராவல் ஏஜென்சிகள் விற்பதும் இந்த வசதியை வைத்துத்தான்.

அந்த ஆறு நாள் திட்டத்தை எடுக்காதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். புது ஊரில் இறங்கியதும், மத்தியானம் அறை தருகிற வரைக்கும் பெட்டியை எங்கே வைப்பது என்று தேட வேண்டும். பிராகில் கொருனா, வியன்னாவில் யூரோ, புடாபெஸ்ட்டில் ஃபோரிண்ட் என்று பணமும் மாறும். டிக்கெட் மெஷினும் மாறும். தனியாகப் போகிறவருக்கு இது வெறும் அலைச்சல். இருவராகப் போனால் அந்த அலைச்சல் ஒருவர் மேல் ஒருவருக்கு எரிச்சலாக இறங்கிவிடுகிறது. ஆறு நாள் கையில் இருந்தால் இரண்டு ஊர், நான்கு நாள்தான் என்றால் ஒரே ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த ஊர்? பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. மூன்றிலும் அரண்மனை இருக்கிறது, பெரிய தேவாலயம் இருக்கிறது, ஏறிப் பார்க்கக் கோபுரம் இருக்கிறது, நல்ல கேக் கடைகள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இவர் நடக்கிற ஆள். எந்த ஊரில் இறங்கினாலும் அதைக் காலால் அளந்தால்தான் இவருக்குத் தூக்கம் வரும். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வேண்டும், எதிரே போகிறவர்களைப் பார்க்க வேண்டும், ஓர் ஓவியம் பிடித்துவிட்டால் அதன் முன்னால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஜோடிகளில் நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். அதனால் நான் ஊர்களை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்: நாளின் எந்த நேரத்தில் இந்த ஊர் மிக நன்றாக இருக்கிறது? அந்த நேரத்தில் நாங்கள் இருவருமே வயிறு நிறைந்து, கால் வலிக்காமல், நல்ல மனசோடு இருப்போமா?

இப்படிக் கேட்டதுமே பிராக் விஷயம் தெளிவாகிவிடும். பிராகின் நேரம் விடியற்காலை.

சார்லஸ் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொஹீமிய மன்னர் நான்காம் சார்லஸ் 1357-இல் அடிக்கல் நாட்டிய பாலம் அது. ஜோதிடர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் என்று அங்கே எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம். வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. நல்ல நேரம் பார்த்து வாசக்கால் வைக்கிற நமக்கு இந்தக் கதை சட்டென்று பிடித்துவிடும். அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள், வண்டி வாகனம் எதுவும் கிடையாது. கோடையில் ஐந்தரை மணிக்குப் போனால் முக்காலியோடு வந்த சில புகைப்படக்காரர்கள், இரவு முழுக்க ஆடிவிட்டு அறைக்குத் திரும்பும் இளைஞர்கள், கல்யாண உடையில் படம் எடுத்துக்கொள்ளும் ஒரு ஜோடி, அவ்வளவுதான் கூட்டம். கீழே வல்தாவா ஆற்றில் அன்னங்கள். மேற்கே மேட்டின் மேல் புனித வைட்டஸ் தேவாலயக் கோபுரங்களில் முதல் வெயில் விழும். பாலத்தின் மிகப் பழைய சிலை நேபோமுக் யோவானுடையது, 1683-இல் வைத்தது. அதன் அடியிலுள்ள வெண்கலத் தகடு, கைகள் தடவித் தடவிப் பொன்னாக மின்னுகிறது. தொட்டால் மறுபடியும் பிராகுக்கு வருவோம் என்பது நம்பிக்கை. காலையில் நிதானமாகத் தொடலாம்.

அதே பாலத்தில் பதினோரு மணிக்கு இருவர் சேர்ந்து நடக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு. பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரத்தின் முன்பும் இதே கதைதான். 1410-ஆம் ஆண்டுக் கடிகாரம், இன்னும் ஓடுகிறது. மணிக்கு ஒரு தடவை எலும்புக்கூடு மணி அடிக்கும், பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் ஜன்னலில் வந்து போவார்கள், சேவல் கூவும், முடிந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்காக இருபது நிமிடம் முன்னாலேயே வந்து கழுத்தை நிமிர்த்தி நிற்பது நடக்கிற ஆளுக்கும் பிடிக்காது, உட்காருகிற ஆளுக்கும் பிடிக்காது. சூரியன், சந்திரன், பன்னிரு ராசி எல்லாம் இந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன என்று காட்டுகிறதே, அந்த முகப்புதான் கடிகாரத்தின் அழகு. அதை எந்த நிமிடத்திலும் பார்க்கலாம். மணி அடிக்கிற நேரத்தை விட்டுவிட்டுப் போங்கள்.

பிராகில் பகலைக் கழிக்க வழி இருக்கிறது. கூட்டம் சேர்ந்ததும் ஆற்றைத் தாண்டி லெட்னா பூங்காவுக்கு ஏறிவிட வேண்டும். ஸ்டாலினுக்கு ராட்சதச் சிலை வைத்து, 1962-இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்களே, அந்தப் பீடத்தில் 1991-லிருந்து இசைக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் பெரிய முள் ஒன்று இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வல்தாவாவின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகத் தெரியும். பெஞ்சுகள் நிறைய இருக்கின்றன. கோட்டைக்கு 22-ஆம் எண் டிராம் போகும். மேட்டில் மூச்சு வாங்க ஏற வேண்டியதில்லை. 1344-இல் தொடங்கி 1929-இல் முடித்த வைட்டஸ் தேவாலயத்துக்குள் செக் ஓவியர் முக்கா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அதற்காகவாவது உள்ளே போக வேண்டும்.

ஆனாலும் என் எண்ணத்தில் மாற்றமில்லை. இருவருமே அலாரம் இல்லாமல் ஐந்து மணிக்கு எழுகிறவர்கள் என்றால் பிராகுக்கு முதல் இடம் கொடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். ஒருவர் உலுக்கி எழுப்பி இன்னொருவர் முனகிக்கொண்டே எழுகிற ஜோடிக்கு, பிராக் தன் நல்ல முகத்தைக் காட்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். இன்னொன்று, ஊர் முழுக்கக் கல் பாவிய தெருக்கள். முட்டி வலி உள்ளவர்களும், சக்கரப் பெட்டியை இழுத்துப் போகிறவர்களும் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே அறை பிடித்துக்கொள்வது நல்லது.

வியன்னா நேர்மாறு. அதற்கு அவசரமே இல்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் போதும். உட்காருகிறவர்களுக்கென்றே கட்டிய ஊர் என்று சொல்லத் தோன்றும்.

வியன்னாவின் காபி நிலையம் ஒன்றில் ஒரு முழு முற்பகலைக் கழிக்காமல் அந்த ஊரைப் பார்த்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. காபி நிலையக் கலாசாரத்தை ஆஸ்திரியா 2011-இல் யுனெஸ்கோ வழியாகத் தன் மரபுச் சொத்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நான் சொல்வது கஃபே ஸ்பெர்ல். 1880-இல் திறந்தது. உள்ளே பில்லியர்ட்ஸ் மேசைகள், வளைந்த மரநாற்காலிகள், மரச்சட்டத்தில் மாட்டிய அன்றைய செய்தித்தாள்கள். மெலாஞ்ச் என்று கேட்டால் நுரை பொங்கிய பால் காபி வரும். சின்ன வெள்ளித்தட்டில் கோப்பை, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், டம்ளரின் வாய் மேல் குறுக்கே ஒரு கரண்டி. அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குழாய் வழியாக வருவது; முதல் மலைக் குழாய் 1873-இல் வந்தது. குழாய்த் தண்ணீரையே தயங்காமல் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் வந்து மேசையைத் துடைக்க மாட்டார்கள். நாமாகக் கேட்கும்வரை பில் வராது.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடக்கிற ஆள் என்ன செய்வது? வியன்னாவின் பெரிய வசதியே இங்கேதான் இருக்கிறது. பழைய நகரைச் சுற்றி ரிங் சாலை ஓடுகிறது. பழைய மதில்களை இடித்துவிட்டு அந்த இடத்தில் போட்ட சாலை, 1865-இல் திறந்தார்கள். நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம், ஓபரா எல்லாம் அதன் ஓரத்திலேயே வரிசையாக நிற்கின்றன. வழி தவறவே முடியாது. களைத்தால் டிராம் ஏறலாம். இவர் ரிங் சாலையைச் சுற்றி வருகிற நேரத்தில் நான் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய ஃபிளெமிஷ் ஓவியர் புரூகலின் ஓவியங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். உலகத்திலேயே அதிக புரூகல் ஓவியங்கள், பன்னிரண்டு, அந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. 'பாபேல் கோபுரம்' 1563-இல் வரைந்தது. எட்ட நின்றால் பிரம்மாண்டமான கட்டடம். கிட்டே போனால் கல் செதுக்குகிறவர்கள், பாரம் தூக்குகிறவர்கள் என்று எறும்பளவு மனிதர்கள் ஒவ்வொருவரும் ஒரு வேலையில் இருப்பார்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது. அப்புறம் மதியம் ஒரு மணிக்கு வாசலில் சந்தித்துக்கொள்ளலாம். ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போகாமல் பிரிந்து போய், சொல்வதற்கு ஏதாவது எடுத்துக்கொண்டு திரும்பி வந்து சேர, இந்த மூன்றில் வியன்னாதான் மிக வசதி.

மேல் பெல்வெடேர் மாளிகைக்கு மட்டும் சேர்ந்து போங்கள். வியன்னா ஓவியர் கிளிம்ட் 1907–08-இல் வரைந்த 'முத்தம்' அங்கே இருக்கிறது, தங்கத் தகடு பதித்த ஆறடிச் சதுர ஓவியம். அதன் முன்னால் ஜோடிகள் படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் எப்போதும் உண்டு; எடுத்துக்கொள்ளுங்கள், நியாயமான ஆசைதான். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அதே மாளிகையில் ஓவியர் எகோன் ஷீலேவின் 'குடும்பம்' இருக்கிறது. அப்பா, அம்மா, குழந்தை என்று மூவர் படம், 1918. அந்த வருடம் அக்டோபரில் கர்ப்பிணியாக இருந்த அவர் மனைவி ஸ்பானிஷ் காய்ச்சலில் இறந்தார். மூன்று நாளில் ஷீலேவும் போய்விட்டார், வயது 28. அவர்கள் எதிர்பார்த்திருந்த குழந்தை பிறக்கவே இல்லை. கிளிம்ட்டின் தங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து இதன் முன் நின்றால், பக்கத்தில் நிற்கிறவரின் கையைத் தானாகவே பிடித்துக்கொள்வோம்.

மாலையில் ஓபரா. உட்காரும் இருக்கைக்கு விலை மிக அதிகம். ஆனால் நிற்கும் இடத்துக்கான டிக்கெட்டை வியன்னா அரசு ஓபரா அன்றன்றைக்கு மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது. உள்ளே போனதும் கம்பியில் ஒரு துப்பட்டாவையோ கழுத்துத்துணியையோ கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. வெளியே போய்வந்தாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். அது அங்கே பல காலமாக இருக்கும் வழக்கம். முன்னால் ஒரு சின்னத் திரையில் வசனம் ஆங்கிலத்திலும் ஓடும். பிடித்தால் முழுவதும் நிற்கலாம், கால் வலித்தால் இடைவேளையில் கிளம்பலாம். ஜூலை, ஆகஸ்டில் ஓபரா விடுமுறை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஷோன்புருன் அரண்மனையின் 1,441 அறைகளில் டிக்கெட் எடுத்து உள்ளே பார்ப்பதைவிட எனக்குத் தோட்டம்தான் பிடிக்கும். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை; நடக்கிற ஆள் குளோரியெட் மேட்டுக்கு ஏறலாம், மற்றவர் கீழே நிழலில் இருக்கலாம்.

வியன்னாவில் குறை இல்லாமல் இல்லை. மூன்றில் விலை அதிகமான ஊர் இதுதான். டான்யூப் நதியைப் பாட்டில் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்குப் பழைய நகரின் ஓரத்தில் கிடைப்பது அதன் கால்வாய்தான். பெரிய நதி தள்ளி ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் ஏறக்குறைய எல்லாமே மூடியிருக்கும். இரவில் ஓபராவுக்குப் போகாவிட்டால் வேறு என்ன செய்வது என்று நடக்கிற ஆள் கேட்பார். என்னிடம் நல்ல பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் வைத்திருக்கும் ஊர் புடாபெஸ்ட். அதன் நேரம் மாலை மூன்று மணியிலிருந்து இரவு பதினோரு மணி வரைக்கும். பகல் முழுக்கச் சோம்பேறியாக இருந்தாலும் மன்னித்துவிடும் ஊர். இருவராகப் போகிறவர்களுக்கு, அதிலும் நடக்கிற ஒருவரும் உட்காருகிற ஒருவருமாக இருந்தால், நான் முதலில் சொல்வது புடாபெஸ்ட்டைத்தான்.

காரணம், வெந்நீர்க் குளியலகம். ஊர் முழுக்கப் பூமிக்கடியிலிருந்து வெந்நீர் வருகிறது. துருக்கியர் காலத்திலேயே, 16-ஆம் நூற்றாண்டில், அதற்குக் குவிமாடம் கட்டியிருக்கிறார்கள்; ருடாஷ் குளியலகத்தில் அதை இன்றும் பார்க்கலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு செச்செனி குளியலகம் நல்லது. மஞ்சள் நிற அரண்மனை போன்ற கட்டடம், 1913-இல் திறந்தது. ஊற்றில் தண்ணீர் 74 டிகிரிக்கு மேல் வருகிறது. குளத்துக்கு வரும்போது உடம்பு தாங்குகிற சூடாக ஆற்றிவிடுகிறார்கள். திறந்தவெளியில் மூன்று பெரிய குளங்கள் இருக்கின்றன. மார்பளவு தண்ணீரில் நின்றபடி வயதானவர்கள் செஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். பலகை குளத்தின் ஓரத்தில் இருக்கும், ஆவி எழும்பிக் காய்களை மறைக்கும், சுற்றி நான்கைந்து பேர் நனைந்த தலையோடு எட்டிப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் போனால் இன்னும் சுகம். தலையில் பனி விழும், கழுத்துக்குக் கீழே வெந்நீர்.

காலை முழுக்க நடந்துவிட்டு வந்தவரின் கால்களுக்கும், எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று இருக்கிறவருக்கும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேண்டியது கிடைத்துவிடுகிறது. பிராகிலும் வியன்னாவிலும் அப்படி ஓர் இடத்தை நான் பார்க்கவில்லை. நீச்சலுடை போடக் கூச்சமாக இருக்கும் என்று தயங்குகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை: எல்லா வயதும் எல்லா உடம்பும் அங்கே இருக்கும், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முழங்கால் வரை வரும் நீச்சலுடை ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். கூடவே ரப்பர் செருப்பும் துண்டும்; அங்கே வாங்கினால் விலை அதிகம்.

குளியலகத்துக்குப் போகிற வழியே ஒரு காட்சிதான். 1896-இல் திறந்த எம்1 மெட்ரோ, ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். தெருவிலிருந்து சில படிகள் இறங்கினால் போதும், வெள்ளை ஓடு பதித்த குட்டி ஸ்டேஷன், பச்சை இரும்புத் தூண்கள், மஞ்சள் நிறக் குட்டி ரயில். நேராகக் குளியலகத்தின் வாசலில் இறக்கிவிடும். ஒன்று கவனியுங்கள்: நுழைவாயிலில் தடுப்புக் கதவு கிடையாது என்பதால் டிக்கெட்டை முத்திரையிட மறந்துவிடுவோம். சோதனையாளர்கள் நிஜமாகவே வருவார்கள், அபராதம் நிஜமாகவே போடுவார்கள்.

குளித்துவிட்டு வந்தால் பசி எடுக்கும். அதற்கு லாங்கோஷ் இருக்கிறது: உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பொரித்த மாவு ரொட்டி, மேலே பூண்டு தடவி, புளித்த பாலேடு ஊற்றி, சீஸ் துருவிப் போட்டுச் சுடச்சுடத் தருவார்கள். ஒன்றை வாங்கி இருவர் சாப்பிட்டால் சரியாக இருக்கும். சைவம்தான், ஆனால் சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பதுண்டு. எண்ணெயா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் சாயங்காலம். வெயில் சாயும் நேரத்தில் டான்யூபின் மேற்குக் கரையான புடாவின் மேட்டிலுள்ள மீனவர் கொத்தளத்துக்குப் போக வேண்டும். ஏழு கூம்புக் கோபுரங்கள், வெள்ளைக் கல் வளைவுகள். எதிர்க்கரையில் நாடாளுமன்றக் கட்டடம் முழுவதும் தெரியும்: 268 மீட்டர் நீளம், குவிமாடத்தின் உயரம் 96 மீட்டர். அந்த 96 தற்செயலாக வந்ததல்ல. மாஜியர்கள், அதாவது ஹங்கேரியர்கள், இந்த மண்ணுக்கு வந்த ஆண்டு 896 என்று வைத்து, 1896-இல் ஆயிரமாண்டு விழாவே நடத்தினார்கள். உயரத்தையும் அதற்கேற்ப வைத்தார்கள். இருட்டியதும் அந்தக் கட்டடம் முழுக்கப் பொன்னிறத்தில் விளக்கேற்றுவார்கள். அதை மிகக் கிட்டத்தில், நேருக்கு நேர் பார்க்க வேண்டுமானால் பாத்யானி சதுக்கத்தின் ஆற்றங்கரை. நாடாளுமன்றத்திலிருந்து எம்2 மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், நதிக்கு அடியில் போகிறது.

படகுச் சவாரிக்குப் பணம் கட்டுமுன் 2-ஆம் எண் டிராமில் ஒரு முறை போய்ப் பாருங்கள். நாடாளுமன்றத்துக்கு வடக்கே யாசாய் மாரி சதுக்கத்தில் ஏறி வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். கிழக்குப் பக்கமான பெஸ்ட் கரையை ஒட்டியே போகும். 1849-இல் திறந்த சங்கிலிப் பாலம், மேலே புடா அரண்மனை, கெல்லர்ட் குன்று எல்லாம் விளக்கோடு வரிசையாக வரும். நாள் டிக்கெட் கையில் இருந்தால் இதற்குத் தனியாக ஒரு காசும் கிடையாது. எனக்கு இந்த மூன்று ஊர்களிலும் மிகப் பிடித்த சவாரி இதுதான். போய்ச் சேர்ந்து, அதே டிராமில் திரும்பியும் வரலாம். நடக்கிற ஆள் வழியில் இறங்கிச் சங்கிலிப் பாலத்தைக் கடந்து மறுகரை வரைக்கும் போய்வரட்டும்.

நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே ஆற்றின் விளிம்பில் 60 ஜோடி இரும்புச் செருப்புகள் இருக்கின்றன. 2005-இல் வைத்த நினைவிடம். 1944–45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புச்சிலுவைக் கட்சியின் ஆட்கள் யூதர்களை இந்தக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். ஆண்களின் பூட்ஸ், பெண்களின் குதிகால் செருப்பு, குழந்தைகளின் சின்னச் செருப்பு, எல்லாம் கழற்றிப் போட்ட நிலையிலேயே வார்த்திருக்கிறார்கள். விளையாட்டாக ஊர் சுற்றும் பயணத்தில் இதற்கு இடமா என்று தோன்றலாம். இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். சத்தமில்லாமல் நின்றுவிட்டு வாருங்கள்; செருப்புகளுக்குள் கால் வைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாவது வட்டாரத்தின் பாழடைந்த கட்டட மதுக்கூடங்கள். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். காசின்சி தெருவிலுள்ள சிம்ப்லா கெர்த் அவற்றில் பிரபலமானது: இடிப்பதற்கு இருந்த வீடு, உள்ளே ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள், குளியல்தொட்டியை வெட்டிச் செய்த சோஃபா, செடிகள், வண்ண விளக்குகள். எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாலே போதும்.

புடாபெஸ்ட் மலிவு என்ற பேச்சை முழுதாக நம்ப வேண்டாம். அறைவாடகையும் டிராமும் சாப்பாடும் வியன்னாவைவிடக் குறைவுதான். ஆனால் குளியலகம் போன்ற இடங்களில் கட்டணம் நன்றாக ஏறிவிட்டது. நாடாளுமன்றத்தை உள்ளே பார்க்க ஐரோப்பியர்களைவிட நாம் அதிகம் கட்ட வேண்டும். பிராகிலும் புடாபெஸ்ட்டிலும் தெருவோரப் பணமாற்றுக் கடைகளைத் தவிருங்கள். ஏடிஎம்மில் எடுக்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடலாமா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம்.

சைவச் சாப்பாட்டில் வியன்னாவுக்குத்தான் முதலிடம். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ், நாஷ்மார்க்ட் சந்தையில் ஃபலாஃபல், அப்புறம் ஆப்பிள் ஸ்ட்ரூடல் என்று நாள் ஓடிவிடும். பிராகில் பொரித்த சீஸும் உருளைக்கிழங்கு அடையும் எல்லா இடத்திலும் கிடைக்கும்; இரண்டாம் நாளே அலுத்துவிடும். புடாபெஸ்ட்டில் மெனுவைக் கவனமாகப் படிக்க வேண்டும், காய்கறிக் குழம்பிலும் இறைச்சித் துண்டு இருக்கலாம். கோடையில் குளிர்ந்த புளிச்செர்ரி சூப் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆக, நான்கு நாள் என்றால் புடாபெஸ்ட் மட்டும். ஓவியமும் இசையும் இருவருக்குமே உயிர் என்றால் அந்த நான்கு நாளையும் வியன்னாவுக்குக் கொடுங்கள். அதிகாலை ஆட்களுக்கு பிராக். ஆறு நாளுக்கு நான் சொல்லும் கணக்கு வியன்னா இரண்டு இரவு, புடாபெஸ்ட் நான்கு இரவு. வளைகுடா விமான நிறுவனங்கள் இரண்டு ஊருக்குமே பறக்கின்றன. வியன்னாவில் இறங்கி புடாபெஸ்ட்டிலிருந்து திரும்பும்படி எடுத்தால் வந்த வழியே போக வேண்டியதில்லை. பிராக்–புடாபெஸ்ட் ஜோடிதான் வேண்டும் என்று இருந்தால் ரயிலில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். நீளம்தான், ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு பகுதி டான்யூபை ஒட்டியே வரும். வலப்பக்கம் உட்காருங்கள், செக் ரயில்களின் உணவுப்பெட்டியில் சுடச்சுடச் சமைத்துத் தருவார்கள்.

இரவுகளின் எண்ணிக்கையை விசாவுக்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டின் தூதரகத்தில். மேலே சொன்ன கணக்குப்படி அது ஹங்கேரி. கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகம் கோடை தவிர மற்ற மாதங்களில் திங்களன்று மூடியிருக்கும், ஞாயிறன்று கடைகள் இருக்காது. அதனால் வியன்னாவுக்கு வாரநாட்கள். புடாபெஸ்ட்டில் ஞாயிறு வரும்படி வையுங்கள். அன்று காலை அதே சிம்ப்லா கெர்த்தில் விவசாயிகள் சந்தை கூடும்; தேனும் சீஸும் ஊறுகாயும் ருசி பார்த்துப் பார்த்தே வாங்கலாம்.